பழைய 32 அடியா, புதிய 46 அடியா?

வெளிநாட்டுப் பாய்ப் படகுகள் காலித் துறைமுகத்துக்கு வருவது பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான். தாய்லாந்து, மலேசியா பக்கமிருந்து வடகீழ்ப் பருவக்காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு வருவார்கள், கொஞ்ச நாள் நிற்பார்கள், அப்புறம் மாலைதீவுக்கோ அதற்கும் அப்பாலோ போய்விடுவார்கள். மே கடைசியில் காற்று தென்மேற்குக்கு மாறிவிட்டால் கடல் கொந்தளிக்கும், படகும் வராது, படகுகளுக்குப் பைபர் (கண்ணாடியிழை) வேலை பார்க்கிற எனக்கு வேலையும் இருக்காது. அதே காற்று மலையேறி வந்து வட்டவளையிலும் நோர்ட்டன் பிரிட்ஜிலும் மழையாகக் கொட்டுகிற நாட்களில் நான் நோர்வூட்டில், வீட்டில்.

இந்தமுறை வந்ததும் மாமா என் போனில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மருமகனே, இது ரெண்டுல எது நல்ல போட்டு? பெருசுதானே?" மாமா பல வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவர். பெரிசு என்றால் பாதுகாப்பு, பழசு என்றால் கெட்டி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஆள். படகு விஷயத்தில் இந்த இரண்டுமே அப்படியே சரி இல்லை என்பதை அவருக்கு விளக்கப்போய் பேச்சு இரவுச் சாப்பாடு வரைக்கும் இழுத்தது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

படத்தில் இருந்த முதல் படகு கொண்டெஸா 32. டேவிட் சாட்லர் வரைந்தது, ஜெரமி ரோஜர்ஸ் இங்கிலாந்தின் லிமிங்டனில் 1970களின் தொடக்கத்திலிருந்து கட்டியது, மொத்தம் 700க்கு மேல் கட்டினார்கள். 32 அடி நீளம், ஒன்பதரை அடி அகலம், எடை 4.3 டன். அந்த எடையில் கிட்டத்தட்ட பாதி கீலுக்குள், அதாவது படகின் அடியிலிருந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதிக்குள், இருக்கிற பளு. இரண்டாவது பெனட்டோ ஓஷியானிஸ் 46.1. பிரான்ஸ்காரர்களின் படகு, 2018இல் வந்தது. நீளம் 14.6 மீட்டர், அகலம் நாலரை மீட்டர், எடை 10.5 டன்னுக்குச் சற்று மேல். பின்னால் இரண்டு ஸ்டியரிங் சக்கரம், அடியில் இரண்டு சுக்கான், திறந்தால் நீந்துவதற்கு மேடையாகிற பின்கதவு. இரண்டும் படகு பழுதுபார்க்கிற யார்டில் பக்கத்துப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நின்றபோது கொண்டெஸா அதன் குட்டி போலத்தான் தெரிந்தது.

இனி கணக்கு. நீளம், எடை என்று தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நீரில் படுகிற நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) எவ்வளவு எடை என்று படகுக்காரர்கள் ஒரு எண் போடுவார்கள். கொண்டெஸாவுக்கு அது 300க்கு மேல், ஓஷியானிஸுக்கு 130க்குக் கிட்ட. அதாவது சின்னப் படகுதான் அதன் அளவுக்குக் கனமானது, பெரியது அதன் அளவுக்கு மிகவும் இலேசு. மாமா இதை நம்பவே இல்லை. தண்ணீரை ஆழமாகக் கிழித்துக்கொண்டு போகிற உடம்பு ஒன்று, தண்ணீர் மேல் பரந்து உட்கார்ந்திருக்கிற உடம்பு மற்றது என்று கையால் காட்டிய பிறகுதான் ம்ம் என்றார்.

வேகத்தில் சந்தேகமே இல்லை, பெரியதுதான். நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 1.34ஆல் பெருக்கினால் இந்த மாதிரிப் படகு சிரமமில்லாமல் போகிற உச்ச வேகம் நொட்டில், அதாவது மணிக்கு இத்தனை கடல்மைல் என்று, கிடைக்கும். கொண்டெஸாவுக்கு ஆறரை, ஓஷியானிஸுக்கு எட்டே முக்காலுக்கு மேல். புக்கெட்டிலிருந்து காலிக்குச் சுமார் 1,100 கடல்மைல். சராசரி 5 நொட் என்றால் ஒன்பது நாள் தாண்டும், 7 நொட் என்றால் ஆறரை நாள். இரண்டரை நாள் குறைவாகக் கடலில் இருப்பதும் ஒரு பாதுகாப்புதான், இதை யாரும் மறுக்க முடியாது. வருகிற காற்றழுத்தத்துக்கு முன்னால் கரை சேர்ந்துவிடலாம்.

ஆனால் நான் பார்க்கிற இடம் உள்ளே. இரண்டு படகுக்குள்ளும் பல நாள் குனிந்து, தவழ்ந்து, படுத்து வேலை செய்தவன் என்பதால் இதைப்பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காம்பரா (ஒற்றை அறை) என்றால் என்ன அளவு என்று சொல்லத் தேவையில்லை, 10க்கு 12 அடி, அதற்குள் அப்பா, அம்மா, நாங்கள், ஆத்தா, சாமிப்படம், கொழுந்துக் கூடை, மழைக்காலத்தில் விறகும்கூட. எது எங்கே இருக்கும் என்று இருட்டில் கை தானாகப் போகும். கொண்டெஸாவுக்குள் இறங்கியபோது எனக்கு அந்தக் காம்பராதான் ஞாபகம் வந்தது. இறங்கின படிக்குப் பக்கத்திலேயே அடுப்பு, எதிர்ப்பக்கம் வரைபட மேசை, நடுவில் இரண்டு பக்கமும் பெஞ்சு, அதுவே ராத்திரியில் படுக்கை. எங்கே நின்று கையை நீட்டினாலும் பிடிக்க ஏதாவது ஒரு கட்டை கிடைக்கும். இடம் குறைவு என்பதே அங்கே ஒரு வசதி. படகு சரிந்து எகிறும்போது விழுந்தாலும் ஒரு முழம்தான் விழுவீர்கள். படுக்கை ஒடுக்கம், படுப்பவர் உருண்டு போகாமல் இருக்கப் பக்கத்தில் துணித்தடுப்பும் கட்டிவிடுவார்கள். அடுப்பு படகு சரியும்போதும் மட்டமாக நிற்கும்படி ஆடத் தொங்கவிடப்பட்டிருக்கும், முன்னால் ஒரு கம்பி, சமைக்கிறவர் இடுப்பில் பட்டியை மாட்டிக்கொண்டு சாய்ந்து நின்று சமைக்கலாம்.

ஓஷியானிஸ் அப்படி இல்லை. அதற்குள் இறங்கினால் முதலில் வெளிச்சம் கண்ணைக் கூசும், பெரிய பெரிய ஜன்னல்கள். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாலும் எதிலும் படாது. தலை இடிக்காது. படகின் முன்பக்கம், அதாவது அணியத்துப் பக்கம், நீர்மட்டத்துக்கு மேலே உடம்பைப் படி மாதிரி வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அதனால்தான் முன் அறையில் நம் வீட்டுக் கட்டிலை விடப் பெரிய கட்டில் போட முடிந்திருக்கிறது. கட்டிலைச் சுற்றி நடக்கக்கூட இடம் இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கும்போது இது சொர்க்கம். ஆனால் 20 பாகை சரிந்து போகும் படகில், அந்தப் பரந்த கூடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விழுந்தால்? நாலு மீட்டர் அகலத்தில் பிடிக்க எதுவும் இல்லாமல் விழுவது சின்ன விஷயம் இல்லை. அந்தப் படகில் வந்த அம்மாவின் முழங்கையில் பெரிய ஊதா அடையாளம் ஒன்று இருந்தது, கேட்டேன், சிரித்துக்கொண்டே சமையல் மேசையின் மூலையைக் காட்டினார். மேசை மூலையைப் பிறகு நானே உருட்டித் தேய்த்துக் கொடுத்தேன்.

சரி, படகே கவிழ்கிற கதைக்கு வருவோம். படகு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் ஒரு நாள் 1979ஐத் தொட்டே ஆவார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் பாஸ்ட்நெட் பாறை வரை போய்த் திரும்புகிற பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் புயல். பந்தயத்தில் வந்தவர்களில் 15 பேர் இறந்தார்கள், பந்தயத்தை முடித்த படகுகள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மிகச் சின்னப் படகுகளின் வகுப்பில் முடித்தது ஒன்றே ஒன்று. அது அசென்ட் என்ற கொண்டெஸா 32. அப்புறம் அதே படகில் அதன் சொந்தக்காரர் வில்லி கெர் கிரீன்லாந்து, அண்டார்டிக்கா என்று பனிக்கடலாகப் பார்த்துச் சுற்றினார், அது வேறு கதை.

ஏன் அந்தப் படகு தாங்கியது? ஒடுக்கம், கனம், பளு ஆழத்தில். கொண்டெஸா 155 பாகை வரை கவிழ்ந்தாலும் திரும்பி நிமிரப் பார்க்கும் என்று சொல்வார்கள். 180 என்றால் முழுக்கத் தலைகீழ், ஆக 155 என்பது பாய்மரம் தண்ணீருக்குள் போய் ஏறக்குறைய நேர்கீழாகத் தொங்குகிற நிலை. அகலமான இன்றைய உலாப் படகுகள் பலவற்றுக்கு இந்த எண் 110க்கும் 125க்கும் இடையில்தான் இருக்கும். அகலமான உடம்பு முதலில் சரியவே மறுக்கும், அதனால் பயணிக்கு நம்பிக்கை வரும், ஆனால் ஒரு பெரிய அலை அதை முழுக்கப் புரட்டிவிட்டால் அதே அகலம் தலைகீழாகவும் உறுதியாக உட்கார வைத்துவிடும். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு அமெரிக்காவின் குரூஸிங் கிளப்காரர்கள் ஒரு எளிய கணக்கு சொன்னார்கள். எடையை பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, வருவதற்குக் கனமூலம் கண்டு, படகின் அகலத்தை அடியில் எடுத்து அதால் வகு. 2க்குக் கீழே வந்தால் நல்லது. நான் மாமாவின் பழைய லொறிக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்: கொண்டெஸா 1.79, ஓஷியானிஸ் 2.07. பளு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, அதனால் இதையே வேதமாக எடுக்கக் கூடாது. தவிர பெரிய படகைப் புரட்ட அதற்கேற்ற பெரிய அலை வேண்டும். மாமா சொன்ன "பெருசு" அந்த அளவுக்கு மட்டும் சரி.

அவர் விடவில்லை. "அப்ப நம்ம வல்வெட்டித்துறைக் கப்பல் அமெரிக்கா போச்சே, அது பெருசுதானே?" என்றார். அன்னபூரணியைச் சொல்கிறார். வல்வெட்டித்துறையில் நம் ஆட்கள் கட்டிய மரக்கப்பல், ஒரு அமெரிக்கர் வாங்கி பெயரை மாற்றி, யாழ்ப்பாணத்து மாலுமிகளோடு 1938இல் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. உண்மைதான், ஆனால் அது சரக்குக் கப்பல் மாமா, அதை இதோடு சேர்க்க முடியாது என்றேன். அதைவிடச் சுவையான விஷயம், அந்தக் கப்பலை வாங்கிய வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் அதற்குப் பல வருஷம் முன்பே, 1928க்கும் 1931க்கும் இடையில், ஸ்வாப் என்ற படகில் உலகத்தைச் சுற்றி முடித்தவர். ஸ்வாப்பின் நீளம் 32 அடிச் சொச்சம்! அப்புறம் கொண்டெஸா 32இன் அக்கா ஒருத்தி இருக்கிறாள், கொண்டெஸா 26. அதில்தான் டானியா எபி என்ற அமெரிக்கப் பெண் 18 வயதில் 1985இல் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, வழியில் இலங்கையிலும் நின்று, 1987இல் திரும்பிப் போய்ச் சேர்ந்தார். 26 அடி. மாமா ஓட்டின லொறி அதைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

இதெல்லாம் சொல்லிவிட்டு கொண்டெஸாதான் உசத்தி என்று முடித்தால் அது நேர்மை இல்லை. காலிக்கு வருகிறவர்களின் பாதையைப் பாருங்கள். வடகீழ்க் காற்று, படகு மேற்கே போகிறது, ஆக காற்று பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும். பின்காற்றில் ஒடுக்கமான பழைய படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டே வரும், இரவு பகலாக, நிற்காமல். கொண்டெஸாவில் வந்தவர்கள் கரையிறங்கி யார்டில் தேநீர் குடிக்கும்போதுகூட கால்களை அகட்டி வைத்துத்தான் நின்றார்கள். ஓஷியானிஸ் அதே அலையில் தட்டையாக, நிமிர்ந்து, வழுக்கிக்கொண்டு வரும், இரண்டு சுக்கானில் ஒன்று எப்போதும் ஆழத்தில் பிடித்திருக்கும். காற்றுக்கு எதிராகப் போகும்போதுதான் கதை மாறுகிறது: பரந்த தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் தண்ணீரில் அறையும், உள்ளே இருக்கிறவர்களுக்கு பல் கூசும். கொண்டெஸா அலைக்குள் புகுந்து போகும், மேலே இருப்பவர் முழுக்க நனைவார், ஆனால் அறையாது. உலகம் சுற்றுகிறவர்கள் காற்றை முதுகில் வாங்குகிற பாதையாகப் பார்த்துத்தான் போகிறார்கள், அதிலும் பெரும்பாலான இரவுகள் நங்கூரத்தில்தான் கழியும். அந்தக் கணக்கில் பிரான்ஸ்காரர்கள் முட்டாள்கள் இல்லை.

லொறிக்காரர் கேட்கவேண்டிய கேள்வியை மாமா கேட்டார்: "லோட் எவ்ளோ தாங்கும்?" இதில் சின்னப் படகு தோற்கும். தண்ணீர், டீசல், சங்கிலி, சாப்பாடு, மாற்றுச் சாமான் எல்லாம் சேர்த்து 800 கிலோ ஏற்றினால் 4.3 டன் படகுக்கு அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட, 10.5 டன் படகுக்கு பதின்மூன்றில் ஒன்று. கொண்டெஸாவின் வெளிப்பக்கத்தில் பழைய நீர்க்கோட்டுக்கு மேலே புதிதாக ஒரு கோடு வரைந்து பெயின்ட் அடித்திருந்தார்கள், அவ்வளவு தாழ்ந்திருக்கிறது.

பழசு கெட்டி என்பதற்கு வருகிறேன், இது என் தொழில். அந்தக் காலத்து ஆட்கள் பைபரின் பலத்தில் நம்பிக்கை இல்லாமல் தடிமனாகப் போட்டார்கள் என்பது உண்மை, கொண்டெஸாவின் அடியில் சுத்தியலால் தட்டினால் கல் மாதிரி ஒலி. ஆனால் ஐம்பது வருஷம் தண்ணீரில் ஊறிய பைபருக்குள் நீர் புகுந்து அடியெல்லாம் கொப்புளம் வரும். விரல்நகம் அளவு தொடங்கி ரூபாய்க் காசு அளவு வரை. ஒன்றை உளிமுனையால் குத்தினால் உள்ளிருந்து ஒட்டும் தண்ணீர் பீச்சும், வினாகிரி வாடை மூக்கில் ஏறும். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் அந்த வேலையில் கை வைக்கக் கூடாது. அதையெல்லாம் சுரண்டி, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, காய விட வேண்டும். காலியின் ஈரக்காற்றில் காய்வது என்பது பொறுமைக்கு வைக்கிற பரீட்சை. ஈரமானியை வைத்துப் பார்ப்போம், இன்னும் ஈரம் என்று காட்டும், மறுபடி மூடிவைத்துக் காத்திருப்போம். பிறகுதான் இப்பொக்ஸி. பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பிகளும் அப்படித்தான், வெளியே பளபளவென்று இருக்கும், முனையில் நூலிழை ஒன்று அறுந்திருக்கும். 10, 15 வருஷத்தில் மாற்றவேண்டியது. படகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கம்பி அறுந்தால் மரம் போச்சு.

அதே சமயம் கொண்டெஸாவில் எல்லாமே கைக்கு எட்டும். சுக்கானுக்கு ஒரு மரப்பிடி, அவ்வளவுதான், அறுவதற்குக் கேபிள் இல்லை. பாயை ஒரு ஆள் கையால் இறக்கலாம். கீல் உடம்போடு சேர்ந்தே வார்த்தது, ஆணி இல்லை. சுக்கானுக்கு முன்னால் மீன் துடுப்பு மாதிரி ஒரு காப்பு இருக்கிறது, எங்கள் தென்கரையில் இரவில் விரித்துக் கிடக்கிற மீன்வலைக்கு அது முக்கியம். ஓஷியானிஸின் இரண்டு சுக்கானும் வெறுமையாக ஆழத்தில் தொங்குகின்றன, ஒன்றில் வலை சுற்றிக்கொண்டுதான் வந்தார்கள், முக்குளித்து அறுத்தோம். அதன் பெரிய பாய் மரத்துக்குள்ளேயே சுருண்டுகொள்ளும், பட்டனை அழுத்தினால் போதும், எழுபது வயதுக்காரரும் ஓட்டலாம். மின்சாரம் நின்றாலோ பாய் உள்ளே மடிந்து சிக்கினாலோ, நடுக்கடலில், பலத்த காற்றில், அந்தப் பரப்பளவுப் பாயோடு இரண்டு வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு உதைக்கிறது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாமா கடைசியில் கேட்டார்: "சரிடா, ஒருத்தன் சும்மா குடுக்கிறேன்னு சொன்னா நீ எதை எடுப்ப?"

அம்மாவையும் அக்கா பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காலியிலிருந்து திருகோணமலைக்கு நல்ல பருவத்தில் போவதென்றால் ஓஷியானிஸ்தான், அந்தப் பிள்ளைகள் அந்தப் பின்மேடையிலிருந்து குதித்து விளையாடுவதைக் கற்பனை செய்தாலே போதும். தனியாகவோ இன்னொருவரோடோ தூரக்கடலுக்கு, காற்றுக்கு எதிராகவும் போகவேண்டிய பாதையில் என்றால் கொண்டெஸா, கொப்புள வேலையையும் கம்பியையும் முடித்த பிறகு. ஆனால் சும்மா கொடுத்தால் என்பது வேறு கேள்வி. சும்மா கொடுத்தால் புது ஓஷியானிஸைத்தான் வாங்குவேன் மாமா, வாங்கின அன்றைக்கே விற்றுவிட்டு, அந்தக் காசில் நல்ல கொண்டெஸா ஒன்று, புதுக் கம்பி, புதுப் பாய் எல்லாம் எடுத்து, மிச்சத்தில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒழுகாத தகரம் போடுவேன் என்றேன்.